ஜீப்பின் பின்சக்கரங்களும் என் கட்டைவிரலும்

குவார்ட்ஸைட், அரிசோனா
ஞாயிறு, காலை

அன்புள்ள கர்ட்,

இங்கே எல்லோரும் நலம், உன் ஜீப்பைத் தவிர. அங்கே நியூசிலாந்தில் நீயும் நீ ஆராய்கிற பென்குயின்களும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். நலமில்லையென்றாலும் நீ சொல்ல மாட்டாய், அது உன் அப்பா கொடுத்த குணம். போன மாதம் தொலைபேசியில் நீ சொன்னதை இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். அம்மா, ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடு, அப்படியே தலையையும் காட்டிவிடு என்றாய். குரலை இறக்கி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாய். சிறகு ஒடிந்த பறவையிடம் பேசுகிற குரல். பறவைகளுக்கு அது பிடிக்குமோ என்னவோ. எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது பதில் சொல்லவில்லை, ஏனென்றால் அப்பா என் தோளில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடிதம் என்றால் எட்டிப் பார்க்க மாட்டார். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பதில்லை என்பது அவருடைய பழைய மரியாதை. மரியாதைகள்தான் கடைசியாகப் போகும்போலிருக்கிறது.

முதலில் ஜீப்பைச் சொல்லிவிடுகிறேன். அது போய்விட்டது. எஞ்சினின் பக்கச் சுவரை உடைத்துக்கொண்டு ஒரு இரும்புத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்த முழங்கைபோல. பின்கண்ணாடியில் நீ ஒட்டிய ஹாக்கி அணிப் படம் உருகி வழிந்துவிட்டது. நீ பள்ளிக்கூடக் காலத்தில் பீட் கிழங்கு அறுவடைக்குப் போய், குளிரில் விரல் வெடித்து வாங்கிய வண்டி. பையன் திரும்பி வந்ததும் கொடுப்பேன் என்று அப்பா அதை எங்கள் வீட்டுவண்டியின் பின்னால் கோர்த்து, வடக்கு டகோட்டாவுக்கும் இந்தப் பாலைவனத்துக்கும் ஒவ்வொரு வருஷமும் இழுத்துக்கொண்டு திரிந்தார். நீ வரப்போவதில்லை. அதனால் அதிகம் வருந்தாதே. அதைக் கொன்றது யார் என்று அப்பா உனக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறார். அந்தக் கதையில் சக்கரத்தைப் பார்க்க வேண்டியவள் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்தேன், கர்ட். பின்சக்கரம் இரண்டும் சுற்றாமல் இழுபட்டதை நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கட்டைவிரலைத் தூக்கினேன்.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். ஆனால் இந்த முகாமில் அவர் யார் என்று உனக்குத் தெரியாது. இங்கே குளிர்காலத்துக்கு வந்து சேர்கிற ஒவ்வொரு கிழவனும் வீட்டையே வண்டியாக ஓட்டிக்கொண்டு வருகிறான். கடைக்குப் போக, பல் டாக்டரைப் பார்க்கப் போக ஒரு சின்ன வண்டி வேண்டும், அதைப் பின்னால் இழுத்து வர வேண்டும். அதனால் இங்கே ஒருவன் புதுக் கார் வாங்கினால் அதன் நிறத்தையோ ஓட்டத்தையோ யாரும் கேட்பதில்லை. நாலு சக்கரமும் தரையில் உருள இதை இழுக்கலாமா, கூடாதா? அது ஒன்றுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்கிறவர் ஆர்லோ, உன் அப்பா. பான்கேக் தின்றுகொண்டிருந்தாலும் எழுந்து போவார். பின்பாக்கெட்டில் கை வைத்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், மாடு வாங்கப் போனவர் மாதிரி. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன் அந்தப் பேச்சை. “வெளிய பாத்தா சக்கரம் ஜோரா உருளும்யா. ஆனா உள்ள எஞ்சின் தூங்குது. எஞ்சின் தூங்கினா கியருக்குள்ள எண்ணெய் சுத்தாது. எண்ணெய் சுத்தாத கியரு வெயில்ல போட்ட மீனு. நாத்தம் அடிக்கும்போதுதான் செத்தது தெரியும்.” கியர் தானாக மாறுகிற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு உதட்டைப் பிதுக்கிவிடுவார். வண்டியோடு வரும் புத்தகத்தில் இழுக்கலாம் என்று அச்சடித்திருந்தால் மட்டும் என்னிடம் பேசு என்பார். உன் ஜீப்பைக் காட்டி, இதுமாதிரி சக்கரத்தை எஞ்சினிலிருந்து கழற்றிவிடுகிற சின்னக் குச்சி இருக்கிறதா, இருந்தால் மகாராசனாக இழு என்பார்.

அந்த மனிதர் இந்த நவம்பரில் ஓஹையோவிலிருந்து வந்த ஒரு தம்பதியின் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தாராளமா இழுங்க என்றார். போன வருஷம் அதே மாதிரிக் காரைப் பார்த்து, இதை இழுப்பதற்குப் பதில் தள்ளிக்கொண்டே போகலாம் என்று சிரித்தவர். அவர்கள் பக்கத்து நகரம் யூமா போய்ச் சேர்வதற்குள் கியர் வெந்துவிட்டது. லாரியில் காரை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அந்த மனிதன் கோபமாகத்தான் எங்கள் வாசலுக்கு வந்தான். அப்பா அவனைப் பார்த்ததும், புதுசா வந்திருக்கீங்களா, என்ன கார் வச்சிருக்கீங்க என்று கேட்டார். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டான். பிறகு ஒரு நாள் அப்பா பச்சை விளக்குக்கு நின்றார். பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள், இவங்களுக்கு என்ன அவசரம் என்றார். வண்டியைத் தாங்குகிற முட்டுக்கால்களை மடக்காமலேயே ஓட்டப் பார்த்தார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அவர். இதையெல்லாம் உனக்குச் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? எல்லோரும்தான் மறக்கிறார்கள், நேற்று என்னிடம் நான் ஏழாம் வகுப்பில் ஹாக்கியில் போட்ட கோலைப் பற்றி எவ்வளவு துல்லியமாகச் சொன்னார் தெரியுமா என்றாய். பழையதைச் சொல்வது துல்லியம் இல்லை, கண்ணு. அது தேய்ந்த தடம். வண்டி தானே போகும். டாக்டரிடம் கூட்டிப் போனேன். அங்கே ஜொலித்தார். டாக்டரின் காரை இழுக்கலாமா கூடாதா என்று வகுப்பு எடுத்தார், டாக்டர் சிரித்துச் சிரித்து அடுத்த வருஷம் வாருங்கள் என்றார். உன்னிடம் மறுபடி சொன்னேன், நீயாவது அவரிடம் சாவியைக் கேள் என்று. “அவர்கிட்டேர்ந்து ஸ்டியரிங்க புடுங்கினா செத்துடுவாரும்மா.” நியூசிலாந்திலிருந்து சொன்னாய். அவர் ஸ்டியரிங் பிடித்தால் யார் சாவார்கள் என்று நீ கேட்கவில்லை. அந்த வண்டி, தானியம் ஏற்றிய லாரி கனம். எதிரே வருகிறவர்களுக்கும் அம்மாக்கள் உண்டு.

வண்டி கோர்க்கிறவனிடம் பேசக் கூடாது. இது இங்கே சட்டம். எழுதாத சட்டம், ஆனால் மீறினால் யாரும் உன்னோடு காப்பி குடிக்க மாட்டார்கள். கம்பியை மாட்டி, ஆணியைச் செருகி, சங்கிலியைக் கொக்கியில் போட்டு, விளக்கு ஒயரைச் சொருகி, ஜீப்புக்குள் ஏறிப் பெரிய குச்சியைக் கியரில் விட்டு, சின்னக் குச்சியை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சாவியை ஸ்டியரிங் பூட்டாத இடத்தில் வைத்துவிட்டு அவன் இறங்குகிறவரை ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. நடுவில் காலை வணக்கம் சொன்னால்கூட ஒரு படி விட்டுப்போகும், அந்த ஒரு படியில் வண்டி போகும். மற்றவர்கள் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அப்பா அதைக் கேவலமாக நினைப்பார். எழுதி வைக்கிறவன் மறக்க முடிவு பண்ணிவிட்டவன் என்பார். கடைசியாக என் வேலை. அவர் வீட்டுவண்டியை மெதுவாக முன்னால் நகர்த்துவார். நான் ஜீப்போடு நடந்துகொண்டே நாலு சக்கரமும் உருள்கிறதா என்று பார்ப்பேன். உருண்டால் அவர் கண்ணாடியில் தெரியும்படி கட்டைவிரலைத் தூக்குவேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இது ஒன்றுதான் அவர் என்னிடம் கேட்டு நடக்கிற விஷயம். பின்பக்கக் கேமரா கெட்டுப்போனபோது மாற்றச் சொன்னேன். “உன் கட்டைவிரல் இருக்கும்போது கேமரா எதுக்குடி?” மாற்றவே இல்லை.

யூமாவுக்குப் பக்கத்தில் நாட்டு எல்லை தாண்டி, மலிவாகப் பல் கட்டிக்கொள்ள எங்களுக்கு ஒரு நாள் குறித்திருந்தது, சில நாள் அங்கேயே தங்குவதாக இருந்தது. அன்று காலை கோர்த்தார். எல்லாம் சரியாகச் செய்தார். ஜீப்பின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். கை சின்னக் குச்சியின் மேல் இருந்தது. அப்போது தலையைத் திருப்பி மலையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. மலைதான். கொஞ்ச நேரம் பார்த்தார். கையை எடுத்தார். கதவைச் சாத்தினார். அந்தக் கை திரும்பப் போகவே இல்லை. நான் அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வண்டி மெர்ல், கையில் காப்பியோடு பார்த்துக்கொண்டிருந்தார். சட்டம். யாரும் பேசவில்லை. வீட்டுவண்டி நகர்ந்தது. முன்சக்கரம் உருண்டது. பின்சக்கரம் இரண்டும் அப்படியே நின்று, சரளைக் கல்லில் இரண்டு கோடுகளை உழுதுகொண்டு வந்தன. நான் அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில் நடந்தேன். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. எனக்காகக் காத்திருக்கிற முகம். அந்த இரண்டு மூன்று எட்டில் என்ன நினைத்தேன் என்று கேட்பாய். உன்னை நினைத்தேன். அப்பா கூர்மையாகத்தான் இருக்கிறார் என்று நீ சொன்னதை. சரி, பார்ப்போம் என்று நினைத்தேன். பின்னால் ஒரு ஈ உட்கார்ந்தாலும் என் முதுகுக்குத் தெரியும் என்பாரே, தெரியட்டும். தெரிந்து நிறுத்தினால் நான் தோற்றேன், இனி வாய் திறக்க மாட்டேன். தெரியாவிட்டால் உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கும். பிணம் இல்லாமல் நீ சாவை நம்புவதில்லை. ஜீப்பைப் பிணமாகக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். விரலைத் தூக்கினேன்.

வீட்டுவண்டி ஒரு யானை. வாலில் எதைக் கட்டினாலும் அதற்குத் தெரியாது. சரளையில் இழுபட்ட சக்கரம் தார்ச்சாலை ஏறியதும் சுற்ற ஆரம்பித்திருக்கும், தூங்குகிற எஞ்சினையும் சேர்த்து இழுத்துச் சுற்றியிருக்கும். அவர் முதுகுக்கு ஒன்றும் தெரியவில்லை. உற்சாகமாக இருந்தார். உன்னைப் பற்றிப் பேசினார். உறைந்த ஏரியின்மேல் அந்த ஜீப்பில் உனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது, நீ பிரேக்கை மிதித்து வட்டமாகச் சுழன்றது, அழுதது. “ரொம்பக் கத்திட்டேன்ல அவன?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டினான். அப்பா கையாட்டினார். ஒரு சிவப்புக் கார் பக்கத்தில் வந்தது, ஓட்டிய பெண் பின்னால் பின்னால் என்று கையைக் காட்டி, வாயை அகலத் திறந்து என்னவோ கத்தினாள். அப்பா தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார். “பாரேன், இங்க எல்லாருக்கும் நம்மள தெரிஞ்சிருக்கு.” நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைகள் மடியில். அவர் உணர்ந்துவிட வேண்டும் என்று ஒரு மனம். உணர்ந்துவிடக் கூடாது என்று ஒரு மனம். எது பெரியது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். கண்ணாடியில் கரும்புகை தெரிந்தது. யாரோ புல்லுக்குத் தீ வைத்திருக்கிறான் என்றார். இங்கே ஏது புல்? நிறுத்துங்க என்றேன். மறுபேச்சில்லாமல் ஓரம் கட்டி நிறுத்தினார், பரீட்சைக்கு வந்த மாணவன்போல.

அந்த லாரிக்காரன் திரும்பி வந்து தீயை அணைத்தான். திட்டினான். நியாயமான திட்டு. அப்பா ஜீப்பின் கதவைத் திறந்து சின்னக் குச்சியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன். நீங்க மறந்துட்டீங்க, ஆர்லோ. மூன்றே சொல். அதைச் சொல்லத்தான் உன் ஜீப்பைக் கொளுத்தினேன். அவர் திரும்பினார். “வெர்னா. நீ விரல் காட்டினியே.” காட்டினேன் என்றேன். “அப்ப சக்கரம் சுத்திச்சு.” அவருக்குக் குச்சியைவிட என் விரல்மேல்தான் நம்பிக்கை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்தார், கட்டைவிரலைத் தனியாகப் பிரித்து, காய்ச்சல் பார்க்கிற கருவியைப் பார்ப்பதுபோல வெயிலில் பிடித்துப் பார்த்தார். “கண்ணு மங்கிப்போச்சாம்மா உனக்கு? ஏன் எங்கிட்ட சொல்லல?” அவர் கண் கலங்கியிருந்தது. கல்யாணம் ஆன நாள்முதல் அந்த மனிதர் என்னிடம் அவ்வளவு கனிவாகப் பேசி நான் கேட்டதில்லை. என் வாக்கியம் வாயிலேயே செத்தது.

முகாமுக்குத் திரும்புவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. இங்கே தீர்ப்பு எப்படி என்று உனக்குத் தெரியாது. கோர்க்கிறவன் மறக்கலாம். மறப்பான் என்றுதான் பார்க்கிறவள் ஒருத்தி வைத்திருக்கிறது. மெர்ல் வந்தார். “மறக்கறது மனுசன் குணம் வெர்னா. பாக்கறதுதான் வேலை.” அவரும் அந்த இரண்டு கோடுகளைப் பார்த்தாராம். என் விரலையும் பார்த்தாராம். நீயே சரின்னு சொன்னப்புறம் நான் யாரு என்று தோளைக் குலுக்கினார். சனிக்கிழமை எல்லோரும் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிற இடத்தில் மெர்லின் மனைவி டாட் என் கையிலிருந்து கத்தியை மெல்ல வாங்கிக்கொண்டு பழம் வைத்துச் சுட்ட பை அப்பத்தை அவளே வெட்டினாள். காது கேளாதவளிடம் பேசுவதுபோல உரக்கப் பேசினாள். பாவம் ஆர்லோ என்று முதுகுக்குப் பின்னால் கேட்டது. தாங்க முடியாமல் மெர்லைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், நான் வேண்டுமென்றேதான் விரலைத் தூக்கினேன் என்று. அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். “பரவால்ல, பரவால்ல, மனசப் போட்டு ஒழப்பிக்காத.” அதையும் நோய்க் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அதற்கப்புறம் அப்பா உனக்குப் போன் செய்தார். நீ என்னிடம் பறவைக் குரலில் பேசினாய். அவர் பச்சை விளக்குக்கு நின்றதை நம்பாத நீ, எனக்குத் தலை போய்விட்டது என்றதை ஒரே போனில் நம்பினாய். அதைக் குறித்து வைத்திருக்கிறேன். தலையில்தான்.

நீ சொன்னபடி யூமாவில் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். வீட்டுவண்டியில்தான், வேறு வண்டி ஏது? ஊர் எல்லையில் ஒரு பள்ளிப் பேருந்து நின்றிருந்தது. சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது, ‘நில்’ என்ற பக்கவாட்டுப் பலகை நீட்டியிருந்தது. நின்ற பள்ளிப் பேருந்தைத் தாண்டினால் அன்றே சாவியைப் பிடுங்கிக்கொள்வேன் என்று வகுப்பில் முதல் நாள் சொல்கிறவர் அவர். அதைத் தாண்டினார். வேகம்கூடக் குறையவில்லை. படியில் ஒரு சின்ன ஷூ இறங்கிக்கொண்டிருந்தது, யாரோ உள்ளேயிருந்து இழுத்தார்கள், அது மறைந்தது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை. அப்பா ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் ஒரு இளம் பெண் டாக்டர். அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் மூன்று சொற்களைச் சொன்னாள், நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். குதிரை, பொத்தான், ஆறு. பிறகு ஒரு வட்டம் போட்டுக் கடிகாரம் வரையச் சொன்னாள், மணி பதினொன்று பத்து. கதவுக்கு வெளியே அப்பாவின் குரல் கேட்டது. யாரோ கேட்டிருக்கிறார்கள் அந்தக் கேள்வியை. “இழுக்கலாமே. தாராளமா இழுக்கலாம். நாலு சக்கரத்துல பேஷா உருளும்.” அவன் சொன்ன காரின் பெயரும் கேட்டது. இழுக்கக் கூடாத கார். உன் அப்பாவோடு வாழ்ந்தால் நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும். அவர் தனக்காக எதையும் விட மாட்டார், கர்ட். யார் சொன்னாலும் மாட்டார். எனக்காக விடுவாரா என்று மட்டும் நான் சோதித்துப் பார்த்ததில்லை. பென்சிலை எடுத்தேன். எண்களையெல்லாம் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினேன். இரண்டு முள்ளையும் வட்டத்துக்கு வெளியே போட்டேன். மூன்று சொல்லையும் கேட்டபோது குதிரை என்றேன். அதோடு நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். பொத்தான், ஆறு. சாகும்வரை மறக்காது.

இடம் மாறிக்கொண்டே இருப்பது இவர்களுக்கு நல்லதில்லை என்று அவள் அவரிடம் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். “சரி. இனிமே எங்கயும் போறதில்ல. இவளுக்கு ஒரே எடம்தான்.” அவ்வளவுதான். மலை பெயர்வது அவ்வளவு லேசு. திரும்பும்போது எனக்குப் பயமா இருக்கு, மெர்ல் ஓட்டட்டும் என்று அடம் பிடித்தேன், கையை உதறினேன், கொஞ்சம் அழுதேன்கூட. மெர்ல் வந்து ஓட்டினார். நோயாளி கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் உன் ஜீப் பிழைத்திருக்கும். இப்போது ஊருக்குள் தண்ணீரும் மின்சாரமும் வருகிற ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறோம். முட்டுக்கால் இறக்கியாயிற்று. டயர்களுக்கு வெயில் படாமல் வெள்ளைத் துணி மாட்டியாயிற்று. சாவியை அவரே மெர்லிடம் கொடுத்தார், இவளை விட்டுவிட்டு நான் எங்கே போகப்போகிறேன் என்று சொல்லி. கோடையில் இங்கே பல்லிகூட ஊரை விட்டுப் போய்விடும். நாங்கள் இருப்போம்.

அவர் சந்தோஷமாக இருக்கிறார். அதையும் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. காலையில் என் ஸ்வெட்டர் பொத்தான்களைப் போட்டுவிடுகிறார், ஒன்றை விட்டு ஒன்றில். உப்பு எது, சர்க்கரை எது என்று காட்டுகிறார், மாற்றிக் காட்டுகிறார். காப்பி வைத்துவிட்டு அடுப்பை மறந்து வந்து உட்காருவார். தண்ணீர் குடிக்கப் போகிறவள்போலப் போய் அணைத்துவிட்டு வருவேன். அவர் என்னைப் பார்த்துக்கொள்கிறார். பார்த்துக்கொள்கிற அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் பார்ப்பது மட்டும் தெரியக் கூடாது. நேற்று அவரை க்ளிஃபர்ட் என்று கூப்பிட்டேன். அவருடைய தம்பி பெயர். தன்னைவிட நான் அவனைக் கட்டியிருக்கலாம் என்று நினைப்பதாக அவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம். முகம் விழுந்துவிட்டது. பிறகு அதை எடுத்து நிறுத்தி, நான் ஆர்லோம்மா என்றார். எனக்கு அதில் ஒரு சுகம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் அவருடைய கண்ணாடியில் நடந்தவளுக்கு அந்தச் சுகம்கூட இல்லையென்றால் எப்படி?

உன் தாடியை எடு, போட்டோவில் பார்த்தேன், பட்டினி கிடந்த பாதிரிபோல இருக்கிறாய். அங்கே குளிர் தொடங்கும்போது கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போடாதே. பாறையில் ஏறி முட்டை எண்ணும்போது தனியாகப் போகாதே. டாக்டர் உனக்கும் எழுதுவாள், அப்பா அவளிடம் உன் முகவரியைக் கொடுத்திருக்கிறார். என்னென்னவோ படம் எடுப்பார்களாம். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று வரலாம், ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று அவளே சொல்லிவிட்டாள். நீ அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள் என்று பறந்து வந்து நிற்காதே. உனக்கு இரண்டு வழிதான். ஒன்று, உன் அம்மாவுக்குத் தலை சரியில்லை. இரண்டு, தலை சரியாக இருந்து இதையெல்லாம் செய்தாள். முதலாவதை எடுத்துக்கொள், தூக்கம் வரும். ஸ்டியரிங்கைப் பிடுங்கினால் செத்துவிடுவார் என்றாய். யாரும் பிடுங்கவில்லை. அவரே கீழே வைத்தார். உன் கையில் ஒரு துளி எண்ணெய்கூடப் படவில்லை.

நீண்ட ஆயுளோடு இரு. உன் கண் தெளிவாக இருக்கட்டும். சாலையில் உன் எதிரே வருகிறவர்களின் கண்ணும். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாதே, இதுதான் முக்கியம். அடுத்தவர் கடிதத்தைப் படிக்காத மனிதர், எனக்கு வருகிறதை மட்டும் இனி எனக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் மத்தியானம் கண் அயரும்போது நானே போய் இதைத் தபாலில் போட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடு. போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டு அவர் என்னிடம் கேட்பார், யாரு பேசறான்னு சொல்லு பாப்போம் என்று. நான் உடனே சொல்ல மாட்டேன். அந்த இடைவெளியில் நீ ஒன்றும் பேசாதே. அவர் மூச்சு விடுவது உனக்குக் கேட்கும். பிறகு நான் வேறு யார் பெயரையாவது சொல்வேன். நீ திருத்து. அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. பறவையிடம் பேசுவதுபோல. உனக்குத்தான் அது நன்றாக வருகிறதே.

கீழே என் கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. பழகிக்கொண்டிருக்கிறேன்.

உன் பெயர் தெரிந்த,
அம்மா